இரு நடைகளின் உரசல்: ராக் அண்ட் ரோலின் இலக்கணமும் இன்றைய இருப்பும்

ராக் அண்ட் ரோல் என்றால் என்ன என்ற கேள்விக்கு மின்கித்தாரின் முழக்கம் என்றோ, இளைஞர்களின் கலகக் குரல் என்றோ, எல்விஸ் பிரெஸ்லி என்ற ஒற்றைப் பெயரைச் சொல்லியோ விடையளிப்பது பொதுவழக்கு. இவ்விடைகள் ஒவ்வொன்றிலும் ஓரளவு உண்மை உண்டு. எனினும், 1940களின் பிற்பகுதியில் அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே உருவாகி 1955ஐ ஒட்டிய ஆண்டுகளில் உலகெங்கும் பரவிய அவ்விசையின் பதிவுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கும்போது இவ்விடைகள் போதாமல் போகின்றன. அப்பதிவுகளுள் பலவற்றில் கித்தார் பின்னணியில் எங்கோ ஒலிக்க, பியானோவும் சாக்சஃபோனும் முன்னே நிற்கின்றன. பாடுபொருளோ பெரும்பாலும் காதல், கார், பள்ளிக்கூடம், சனிக்கிழமை இரவு ஆகியவற்றைத் தாண்டுவதில்லை. எல்விஸ் தம் முதல் வணிக இசைத்தட்டை 1954இல் பதிவு செய்தபோது அவ்விசைக்கு ஆறேழு வயது ஆகியிருந்தது. அதன் தனித்தன்மை தாளத்தில் இருக்கிறது என்பதும், மெட்டையும் முகத்தையும் கருவியையும் பார்த்துத் தாளத்தைப் பாராமல் விட்டதால்தான் அது இறந்ததா வாழ்கிறதா என்ற விவாதம் தடம் மாறிப்போயிற்று என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

அவ்விசையின் கட்டமைப்பை முதலில் சிறிது விளக்க வேண்டும். ராக் அண்ட் ரோல் பாடல்களுள் மிகப் பல ‘பன்னிரண்டு பார் புளூஸ்’ என்ற அமைப்பில் அடங்குவன. ‘பார்’ என்பது நான்கு எண்ணிக்கை கொண்ட ஓர் ஆவர்த்தனம். அத்தகைய பன்னிரண்டு சேர்ந்து ஒரு சுற்றாகின்றன. அச்சுற்றுக்குள் சட்ஜம், சுத்த மத்தியமம், பஞ்சமம் ஆகிய மூன்று சுரங்களின் மேல் எழுப்பப்படும் மூன்று கார்டுகள், அதாவது ஒரே வேளையில் சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டங்கள், குறிப்பிட்ட வரிசையில் வந்துபோகின்றன. பாடுவோரும் கித்தார் வாசிப்போரும் சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் இடைப்பட்ட, பியானோவின் கட்டைகளில் இல்லாத ஓரிடத்தைத் தொட்டு வளைப்பார்கள். அதற்குப் ‘புளூ நோட்’ என்று பெயர். ஆயினும் இவையெல்லாம் ராக் அண்ட் ரோலுக்கு ஒரு தலைமுறை முந்திய புளூஸ் இசையிலேயே நிலைபெற்றுவிட்டவை என்பதால், புளூஸிலிருந்து ராக் அண்ட் ரோலைப் பிரித்துக்காட்ட இவை உதவமாட்டா.

பிரித்துக்காட்டும் கூறுகளுள் முதலாவது ‘பேக்பீட்’ எனப்படும் அடி. நான்கு எண்ணிக்கையில் முதலாவதையும் மூன்றாவதையும் விட்டு, இரண்டாவதையும் நான்காவதையும் ஸ்நேர் டிரம்மில் ஓங்கி அடிப்பதே அது. கறுப்பினத் தேவாலயங்களில் வழிபாட்டுப் பாடல்களுக்கு மக்கள் கைதட்டும் இடங்களும் இவையே. முந்தைய ஜாஸ் குழுக்கள் இவ்வடியைப் பாடலின் இறுதிச் சுற்றில், உச்சத்தை எட்டும் தருணத்தில் மட்டும் பயன்படுத்தி வந்தன. ராக் அண்ட் ரோல் அதைத் தொடக்கம் முதல் முடிவுவரை நிறுத்தாமல் அடித்தது. ராய் பிரவுன் 1947இல் எழுதிப் பதிவுசெய்த ‘குட் ராக்கின் டுநைட்’ பாடலை அடுத்த ஆண்டு வைனோனி ஹாரிஸ் பாடி வெளியிட்டு கறுப்பின இசைப் பட்டியலின் முதலிடத்துக்குக் கொண்டுசென்றபோது, அந்தத் தேவாலயக் கைதட்டலே மதுக்கூடப் பாடலொன்றின் முதுகெலும்பாக ஒலித்தது.

இரண்டாவது கூறு நுட்பமானது; இக்கட்டுரையின் கருத்துப்படி அதுவே உயிர்நாடி. ஓர் எண்ணிக்கைக்குள் அடிகளை எவ்வாறு பகிர்வது என்பதைத் தமிழிசை மரபு ‘நடை’ என்ற கலைச்சொல்லால் குறிக்கிறது. ஜாஸுக்கும் புளூஸுக்கும் உரிய ‘ஷஃபிள்’ என்ற தாளப்போக்கு திஸ்ர நடையைச் சார்ந்தது. ‘தகிட’ என்ற சொற்கட்டின் நடுவெழுத்தை விழுங்கி முதலெழுத்தையும் ஈற்றெழுத்தையும் மட்டும் ஒலித்தால் கிடைக்கும் துள்ளலே ஷஃபிள். அதற்கு மாறாக, எண்ணிக்கையைச் சரிபாதியாகப் பிரித்துத் ‘தக தக’ என்று நேராக ஓட்டுவது சதுஸ்ர நடையைச் சார்ந்தது. முன்னதில் இரண்டாவது அடி எண்ணிக்கையின் மூன்றில் இரண்டு பங்கு கடந்தபின் விழும். பின்னதில் சரியாகப் பாதியில் விழும். ராக் அண்ட் ரோலின் சிறந்த பதிவுகளில் ஒருவர் முன்னதையும் இன்னொருவர் பின்னதையும் ஒரே வேளையில் வாசிக்கிறார்கள்; அல்லது ஒருவரே அந்த இரு புள்ளிகளுக்கும் இடைப்பட்ட ஏதோ ஓரிடத்தில் அடியை நிறுத்துகிறார். எண்ணிக்கை தோறும் ஒன்றுசேர்ந்து, எண்ணிக்கைக்கு இடையில் மட்டும் ஒன்றோடொன்று உரசிக்கொள்ளும் இவ்விரு நடைகளால்தான் கேட்பவரின் உடல் அசையத் தொடங்குகிறது.

சக் பெரி 1958இல் வெளியிட்ட ‘ஜானி பி. குட்’ இதற்கு மிகத் தெளிவான சான்று. அதில் டிரம்ஸ் வாசித்த ஃபிரெட் பிலோ ஜாஸ் பயிற்சி பெற்றவர். அவருடைய கை துள்ளலை விடுவதில்லை. பெரியின் கித்தாரோ நேராக, இடைவெளியின்றிச் சீராக ஓடுகிறது. இப்பாடலைப் பிற்காலத்தில் வாசித்த எண்ணற்ற குழுக்கள் இருவரையும் ஒரே நடைக்குள் கொண்டுவந்து சீர்ப்படுத்திவிட்டன. மெட்டும் சொல்லும் மாறாமல் இருந்தும் அவற்றுள் பலவற்றில் மூலப்பதிவின் உந்துதல் இல்லாமற்போனது அதனாலேயே. நியூ ஆர்லியன்ஸ் நகரில் காசிமோ மட்டாசா நடத்திய ஜே அண்ட் எம் ஒலிப்பதிவுக் கூடத்திலும் இதே நிகழ்வு வேறொரு வழியில் நடந்தது. அங்கு ஃபேட்ஸ் டொமினோவுக்கும் லிட்டில் ரிச்சர்டுக்கும் டிரம்ஸ் வாசித்த ஏர்ல் பாமர், லிட்டில் ரிச்சர்டின் வலக்கை பியானோவில் நேரடியாகத் தட்டிய வேகத்தைக் கண்டு, அதற்கு ஈடுகொடுப்பதற்காகவே தாம் ஷஃபிளிலிருந்து விலக நேர்ந்தது என்று பின்னாளில் விளக்கியிருக்கிறார். சிறுவயதில் மேடையில் தட்டுநடனம் ஆடிப் பழகியவர் அவர். தாளத்தைக் காலில் கற்றுக் கைக்குக் கொண்டுவந்தவர். இருபதாம் நூற்றாண்டு வெகுசன இசையின் போக்கை மாற்றிய கலைஞர்களின் வரிசையில் அவர் பெயர் இன்றும் உரிய இடத்தில் வைக்கப்படவில்லை என்பது வருந்தத்தக்கது.

இந்த உரசல் அக்காலத்தில் பிறந்ததற்குச் சமூகக் காரணங்களும் பொருளாதாரக் காரணங்களும் உண்டு. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் தென்மாநிலங்களின் பருத்தி வயல்களிலிருந்து கறுப்பின மக்கள் பெருந்திரளாகச் சிகாகோ, டெட்ராய்ட், லாஸ் ஏஞ்சலஸ் போன்ற தொழில் நகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர். கூலி வேலைக்குச் செல்லும் அம்மக்களுக்கு வார இறுதியில் ஆடுவதற்கு இசை தேவைப்பட்டது. போருக்குப்பின் பதினைந்து, இருபது பேர் கொண்ட பெரிய ஜாஸ் குழுக்களைக் கட்டிக்காக்கும் செலவைத் தாங்க இயலாமல் அவை கலைந்தபோது, ஐந்தாறு பேர் மட்டுமே கொண்ட சிறு குழுக்கள் அந்த இடத்தை நிரப்பின. அக்குழுக்களை நடத்தியவர்களுள் தலைசிறந்தவரான லூயி ஜோர்டன் 1940களிலும் 1950இலுமாகக் கறுப்பின இசைக்கான பட்டியலில் பதினெட்டுப் பாடல்களை முதலிடத்துக்குக் கொண்டுசென்றார். ‘ஜம்ப் புளூஸ்’ எனப்பட்ட அவரது இசையில் பியானோவின் இடக்கை ஒரே சுழற்சியைத் திரும்பத் திரும்ப வாசிக்கும் ‘பூகி-வூகி’ முறையும், நகைச்சுவை மிக்க கதைகூறலும் இணைந்திருந்தன. ‘ஜானி பி. குட்’ பாடலின் புகழ்பெற்ற தொடக்கக் கித்தார் இசை, ஜோர்டனின் குழுவிலிருந்த கார்ல் ஹோகன் 1946இல் வாசித்த ஒரு தொடக்கத்தை ஏறத்தாழ அப்படியே ஒத்திருக்கிறது. ஜோர்டனின் பதிவுகளை டெக்கா நிறுவனத்தில் மேற்பார்வையிட்ட மில்ட் கேப்ளரே 1954இல் வெள்ளையரான பில் ஹேலியின் ‘ராக் அரவுண்ட் த கிளாக்’ பாடலையும் பதிவு செய்தார் என்பதை நினைத்தால், 1955இல் புதிதாய்ப் பிறந்ததாக உலகம் எண்ணிய ஓர் இசை எவ்வளவு நேர்க்கோட்டில் கறுப்பின மூலத்திலிருந்து வந்தது என்பது புலப்படும்.

தொழில்முறை மாற்றங்களும் துணைநின்றன. தொலைக்காட்சி பரவியதும் பெரிய வானொலி வலையமைப்புகள் தம் நிகழ்ச்சிகளைச் சிறுகச் சிறுகக் கைவிட்டன. உள்ளூர் நிலையங்கள் செலவு குறைவான வழியாக இசைத்தட்டுகளை ஒலிபரப்பத் தொடங்கின. மெம்ஃபிஸ் நகரின் டபிள்யூ.டி.ஐ.ஏ. நிலையம் 1948 முதல் கறுப்பின அறிவிப்பாளர்களை அமர்த்திக் கறுப்பின நேயர்களை நோக்கித் திரும்பியது. கிளீவ்லாந்தில் ஆலன் ஃபிரீட் 1951இல் அக்காலத்தில் ரிதம் அண்ட் புளூஸ் எனப்பட்ட கறுப்பின இசைத்தட்டுகளை இரவுநேர வானொலியில் ஒலிக்கச் செய்து, ராக் அண்ட் ரோல் என்ற பெயரை அவ்விசைக்கு நிலைநாட்டினார். சட்டமும் வழக்கமும் கறுப்பரையும் வெள்ளையரையும் பள்ளியிலும் பேருந்திலும் பிரித்து வைத்திருந்தாலும் வானொலி அலைகளைப் பிரிக்க இயலவில்லை. பெரிய நிறுவனங்கள் புறக்கணித்த இவ்விசையை சின்சினாட்டியின் கிங், நியூயார்க்கின் அட்லாண்டிக், சிகாகோவின் செஸ், லாஸ் ஏஞ்சலஸின் ஸ்பெஷால்டி போன்ற சிறு நிறுவனங்கள் பதிவு செய்தன. இவற்றின் முதலாளிகள் கலைஞர்களுக்கு உரிய பங்கைக் கொடுத்தவர்கள் அல்லர். ஆயினும் அவர்கள் இல்லாமல் அப்பதிவுகளும் இல்லை.

முதல் ராக் அண்ட் ரோல் பாடல் எது என்ற கேள்வி ஆய்வாளர்களை நெடுங்காலம் ஈர்த்துவந்திருக்கிறது. ஜிம் டாசனும் ஸ்டீவ் புரோப்ஸும் 1992இல் வெளியிட்ட ஒரு நூல் ஐம்பது பாடல்களை அதற்கான போட்டியாளர்களாக ஆராய்கிறது. அப்பட்டியல்களில் அடிக்கடி இடம்பெறுவது மெம்ஃபிஸில் சாம் பிலிப்ஸின் கூடத்தில் 1951 மார்ச்சில் பதிவான ‘ராக்கெட் 88’. சேதமடைந்த ஆம்ப்ளிஃபயரின் உள்ளே காகிதத்தைத் திணித்து வாசித்ததால் எழுந்த கித்தாரின் கரகரப்பைப் பிழையென்று ஒதுக்காமல் பிலிப்ஸ் அப்படியே வைத்துக்கொண்டார். குழுவை நடத்திப் பியானோ வாசித்தவர் ஐக் டர்னர். தட்டில் அச்சான பெயரோ பாடிய ஜாக்கி பிரென்ஸ்டனுடையது. இன்னொரு தரப்பினர் சிஸ்டர் ரோசெட்டா தார்ப் 1944இல் பதிவு செய்த ‘ஸ்ட்ரேஞ்ச் திங்ஸ் ஹாப்பனிங் எவ்ரி டே’ என்ற பக்திப்பாடலை முன்வைப்பர். கையில் மின்கித்தாருடன் தேவாலயத்துக்கும் இரவு விடுதிக்கும் இடையே நடந்த அப்பெண்மணி வாசித்த முறையில் பெரியும் எல்விஸும் பின்னாளில் செய்தவற்றுள் பல முன்கூட்டியே காணக்கிடைக்கின்றன. ஒரே ஒரு பாடலைத் தேர்ந்தெடுக்க முடியாமலிருப்பதே ஒரு செய்தி: நடனக்கூடங்களிலும் ஆராதனைக் கூட்டங்களிலும் பல ஊர்களில் பலர் ஒரே காலத்தில் கண்டடைந்த தாளம் அது.

எல்விஸின் பங்கையும் இவ்வெளிச்சத்தில் பார்ப்பதே நேர்மையானது. அவர் 1954 ஜூலை 5 அன்று பதிவுசெய்த ‘தட்ஸ் ஆல் ரைட்’ ஆர்தர் குரூடப் என்ற கறுப்பினக் கலைஞரின் 1946ஆம் ஆண்டுப் பாடல். அதே தட்டின் மறுபக்கத்தில் இடம்பெற்ற ‘புளூ மூன் ஆஃப் கென்டக்கி’ வெள்ளையரின் நாட்டுப்புற இசைமரபைச் சேர்ந்த பில் மன்ரோவுடையது. மன்ரோ அதை மூன்று எண்ணிக்கை கொண்ட வால்ட்ஸ் தாளத்தில் பாடியிருந்தார். எல்விஸும் அவருடன் வாசித்த ஸ்காட்டி மூரும் பில் பிளாக்கும் அதை நான்கு எண்ணிக்கைக்கு மாற்றினர். மெட்டும் சொல்லும் பெரும்பாலும் அவையே, ஆனால் பாடல் முற்றிலும் வேறாகிவிட்டது. பாடலை ராக் அண்ட் ரோல் ஆக்குவது எது என்ற கேள்விக்கு இதைவிடச் சுருக்கமான செயல்முறை விடை கிடைப்பது அரிது. மறுதிசையில், சக் பெரி ‘ஐடா ரெட்’ என்ற வெள்ளையர் நாட்டுப்பாடலை எடுத்து 1955இல் ‘மேபெலீன்’ ஆக்கினார். இரு இனத்தாரின் மெட்டுகளும் இப்பக்கமும் அப்பக்கமும் சென்றுவந்தன. அவற்றை மாற்றியமைத்த தாளம் மட்டும் கறுப்பினக் கலைஞர்களிடமிருந்து வந்தது.

பாடலின் உடைமையைத் தீர்மானித்த காப்புரிமைச் சட்டம் இதைக் காணவில்லை என்பதே இவ்வரலாற்றின் ஆறாத காயம். அமெரிக்கச் சட்டம் மெட்டையும் சொல்லையும் காத்தது. தாளப்போக்கையும் வாத்திய அமைப்பையும் குரலின் தன்மையையும் யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டது. கறுப்பினப் பாடகி பாலா வாட்சனின் பதிவொன்றை டெக்கா நிறுவனம் ஒரு வெள்ளைப் பாடகியைக் கொண்டு நகலெடுத்ததாகத் தொடுக்கப்பட்ட வழக்கில், வாத்திய அமைப்புக்கு உடைமையுரிமை இல்லை என்று 1950இல் தீர்ப்பாயிற்று. லவெர்ன் பேக்கரின் ‘ட்வீடில் டீ’ பாடலை ஜார்ஜியா கிப்ஸ் அடிக்கு அடி பின்பற்றிப் பாடி அவரைவிட அதிகமாக விற்றபோது, இத்தகைய நகலெடுப்பைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்று பேக்கர் 1955இல் காங்கிரஸ் உறுப்பினர் சார்லஸ் டிக்ஸுக்கு எழுதினார்; அவ்வாறான சட்டம் வரவில்லை. ஃபேட்ஸ் டொமினோவின் ‘எய்ன்ட் தட் எ ஷேம்’ பொதுப்பட்டியலில் பத்தாம் இடத்தில் நிற்க, பாட் பூன் பாடிய வடிவம் முதலிடம் பெற்றது. ‘மேபெலீன்’ பாடலின் ஆசிரியர்களாகப் பெரியோடு ஆலன் ஃபிரீடின் பெயரும் இன்னொருவர் பெயரும் சேர்க்கப்பட்டிருந்தன. முழு உரிமை பெரிக்குத் திரும்ப 1986 வரை ஆயிற்று. குரூடப் தம் பாடல்களின் வருவாயில் உரிய பங்கைக் காணாமலே 1974இல் இறந்தார். பெரியின் பியானோக் கலைஞரான ஜானி ஜான்சன், அப்பாடல்களை உருவாக்கியதில் தமக்கும் பங்குண்டு என்று 2000இல் தொடுத்த வழக்கு காலம் கடந்தது என்று தள்ளுபடியாயிற்று. இசையின் உயிர் எதில் இருந்ததோ அதற்குப் பணமும் இல்லை, பெயரும் இல்லை. ராக் அண்ட் ரோலை வரையறுக்கும் முயற்சி வெறும் கல்விப்புலப் பயிற்சி அன்று என்பதற்கு இவ்வாழ்க்கைகளே சான்று.

அவ்விசையை எதிர்த்தவர்கள் அதன் தாளத்தை நன்றாகவே அடையாளம் கண்டிருந்தார்கள். அலபாமாவில் ஏசா கார்ட்டர் தலைமையிலான நிறவெறி அமைப்பு, ராக் அண்ட் ரோலின் தாளம் வெள்ளை இளைஞர்களைக் கெடுக்கிறது என்று பிரசாரம் செய்தது. 1956 ஏப்ரலில் அவ்வமைப்பினர் பர்மிங்காம் நகர மேடையில் பாடிக்கொண்டிருந்த நாட் கிங் கோல் மீது பாய்ந்து தாக்கினர். மென்மையான காதற்பாடல்களைப் பாடியவரான கோல் ராக் அண்ட் ரோல் பாடகரே அல்லர் என்பது, எதிர்ப்பு உண்மையில் எதை நோக்கியது என்பதைக் காட்டுகிறது. பின்வந்த சில ஆண்டுகளில் முதல் அலை ஓய்ந்தது. 1957இல் லிட்டில் ரிச்சர்ட் மதப்பணிக்குத் திரும்பினார். அடுத்த ஆண்டு எல்விஸ் இராணுவத்துக்குச் சென்றார். 1959 பிப்ரவரியில் பாடகர் பட்டி ஹாலி விமான விபத்தில் மாண்டார். பெரி கைதாகிப் பின்னர்ச் சிறை சென்றார். இசைத்தட்டுகளை ஒலிபரப்பக் கையூட்டுப் பெற்றதாக எழுந்த விசாரணைகளில் ஃபிரீட் வேலையிழந்து, 1965இல் 43ஆம் வயதில் இறந்தார்.

ராக் அண்ட் ரோல் இறந்துவிட்டது என்ற பேச்சு முதன்முதல் எழுந்தது அப்போதுதான். பீட்டில்ஸும் ரோலிங் ஸ்டோன்ஸும் அதை மீட்டுக் கொண்டுவந்தனர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் தொடர்ச்சி. அதில் பாதி உண்மை. பீட்டில்ஸின் ரிங்கோ ஸ்டார் வாசித்த டிரம்ஸிலும், ஜாஸ் நேயராகவே வாழ்ந்து 2021இல் மறைந்த ஸ்டோன்ஸின் சார்லி வாட்ஸ் வாசித்த டிரம்ஸிலும் இரு நடைகளுக்கு இடைப்பட்ட அந்தத் தளர்வு காணப்படுகிறது. ஆனால் 1960களின் நடுவிலிருந்து, ‘ராக்’ என்று மட்டும் சுருக்கி அழைக்கப்படலான இசை வேறொரு பாதையில் சென்றது. துள்ளல் பெரிதும் நீங்கி நேர்நடையே மேலோங்கியது. ஆடுவதற்கான இசை உட்கார்ந்து கேட்பதற்கான இசையாயிற்று. மூன்று நிமிட இசைத்தட்டின் இடத்தை நாற்பது நிமிட ஆல்பம் பிடித்தது. பாடலாசிரியர் தம் அகத்தை வெளிப்படுத்தும் கலைஞராக மதிக்கப்பட்டார். இம்மாற்றத்தால் மகத்தான படைப்புகள் விளைந்தன என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் அது ராக் அண்ட் ரோலின் வளர்ச்சியைவிடக் கிளைபிரிதலுக்கே நெருக்கமானது. 1976இல் ரமோன்ஸ் குழு இரண்டு நிமிடப் பாடல்களோடு பழைய எளிமைக்குத் திரும்ப முயன்றபோதுகூட, வேகம் திரும்பியதே ஒழியத் துள்ளல் திரும்பவில்லை. 1979 ஜூலையில் சிகாகோவின் பேஸ்பால் அரங்கொன்றில் ராக் நேயர்கள் திரண்டு டிஸ்கோ தட்டுகளை வெடிவைத்துத் தகர்த்தனர். கறுப்பினத்தவரின் நடன இசையாகப் பிறந்த ஒன்றின் வாரிசுகள் என்று தம்மைக் கருதியவர்கள், புளூஸ் கலைஞர் மட்டி வாட்டர்ஸும் பெரியும் பதிவு செய்த அதே நகரில், பெருமளவு கறுப்பினக் கலைஞர்களின் நடன இசையாக இருந்த ஒன்றை எரித்தார்கள். பிரிவு அவ்வளவு முழுமையாகியிருந்தது.

ஆகவே அண்மைக் காலத்தில் ராக் இறந்தது என்பதற்குக் காட்டப்படும் சான்றுகளை எச்சரிக்கையுடன் எடுத்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் மிகுதியாகக் கேட்கப்படும் இசைவகை என்ற இடத்தை ராக்கிடமிருந்து ஹிப்-ஹாப்பும் ரிதம் அண்ட் புளூஸும் சேர்ந்து கைப்பற்றியதாக 2017க்கான நீல்சன் அறிக்கை தெரிவித்தது. 2018இல் கிப்சன் கித்தார் நிறுவனம் திவால் பாதுகாப்புக் கோரியது. இவை கித்தாரின் சந்தையைப் பற்றியும் ராக் என்ற கிளையைப் பற்றியும் பேசுகின்றன. ராக் அண்ட் ரோலைப் பொறுத்தவரை, ரிதம் அண்ட் புளூஸ் முதலிடம் பெற்றதை அதன் தோல்வியாகக் கொள்வது, 1949இல் ‘பில்போர்ட்’ இதழ் கறுப்பின இசைப்பட்டியலுக்கு அதே பெயரைச் சூட்டியபோது அப்பட்டியலில் என்ன இருந்தது என்பதை மறப்பதாகும்.

இங்கே மற்றொரு வாதம் குறுக்கிடும். ராக் அண்ட் ரோல் ஓர் உணர்வு, அச்சமின்மை, ஒரு வாழ்க்கைப் பார்வை. ஆகவே அது எவ்விசையிலும் வாழலாம் என்பது அவ்வாதம். கிளீவ்லாந்தில் அருங்காட்சியகம் கொண்டுள்ள ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் அமைப்பு 2016இல் என்.டபிள்யூ.ஏ. என்ற ராப் குழுவைச் சேர்த்துக்கொண்டபோது, அக்குழுவின் ஐஸ் கியூப் இக்கருத்தையே முன்வைத்தார். அவர் வந்தடைந்த முடிவு சரியானது. ராப் அந்த மன்றத்துக்கு உரியதே. ஆனால் அதற்கான காரணம் மனப்பான்மையில் இல்லை. மனப்பான்மையை இலக்கணமாகக் கொண்டால் எந்தக் காலத்து எந்தக் கலகக்காரரையும் சேர்க்க வேண்டிவரும். பணிவும் நாணமும் மிக்க டொமினோவையோ வெளியே நிறுத்த வேண்டிவரும். அந்த மன்றத்தின் சொந்த வரலாறும் உணர்வைக் கொண்டு அளப்பதன் ஆபத்தைக் காட்டுகிறது: 1986இல் சேர்க்கப்பட்ட முதல் வரிசைக் கலைஞர்களுள் ஒரு பெண்கூட இல்லை, தார்ப் 2018இலும், ‘ஹவுண்ட் டாக்’ பாடலை எல்விஸுக்கு முன்பே பாடிய பிக் மாமா தார்ன்டன் 2024இலும்தான் சேர்க்கப்பட்டனர். இருவரும் மறைந்து பல்லாண்டுகள் ஆகிவிட்டிருந்தன.

பழைய பாடல்களைப் பழைய முறையில் வாசிப்போர் இன்றும் உள்ளனர். லாஸ் வேகஸில் ராக்கபிலி என்ற பழைய ராக் அண்ட் ரோல் வகைக்கான திருவிழா ஆண்டுதோறும் நடக்கிறது. டோக்கியோவின் யோயோகி பூங்காவில் 1950களின் உடையணிந்தோர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடுகின்றனர். பெரியும் டொமினோவும் 2017இலும், லிட்டில் ரிச்சர்ட் 2020இலும், ஜெரி லீ லூயிஸ் 2022இலும் மறைந்தபின், அம்மரபை நேரில் உருவாக்கிய முதல்வரிசையினர் ஏறத்தாழ இல்லாமற்போயினர். ஆகவே இத்தகைய காத்தல் பணிக்கு மதிப்பு உண்டு. ஆனாலும் காக்கப்படுவது வளர்வதில்லை.

வளர்ந்த வழி வேறு. பாமரும் அவருடைய சமகாலத்தவரும் உருவாக்கிய நியூ ஆர்லியன்ஸ் டிரம்ஸ் மரபின் கூறுகள் 1960களில் ஜேம்ஸ் பிரவுனின் குழுவுக்குள் சென்று ‘ஃபங்க்’ ஆயின. அவரிடம் வாசித்த கிளைட் ஸ்டபிள்ஃபீல்டின் ‘ஃபங்கி டிரம்மர்’ பதிவிலும், 1969இல் வின்ஸ்டன்ஸ் குழுவுக்காக கிரெகரி கோல்மன் வாசித்த சில விநாடித் தனி டிரம்ஸிலும் அந்த இடைப்பட்ட நடை தெளிவாகக் கேட்கிறது. ஹிப்-ஹாப் கலைஞர்கள் இத்தகைய துண்டுகளைத் தட்டுகளிலிருந்து பிரித்தெடுத்து, மீண்டும் மீண்டும் சுழலவிட்டு, அவற்றின்மேல் சொல்லடுக்கினர். இம்முறைக்கு ‘சாம்ப்ளிங்’ என்று பெயர். அதற்குரிய பங்கு டிரம்ஸ் வாசித்தவர்களுக்குச் சென்று சேரவில்லை. மெட்டுக்கே உடைமை என்ற பழைய சட்டப்பார்வை அவர்களையும் வஞ்சித்தது.

பின்னர் எண்முறைக் கருவிகள் வந்தன. அவற்றில் ‘குவாண்டைஸ்’ என்றொரு வசதி உண்டு: விரலால் தட்டிய அடி சற்றே விலகி விழுந்தால், கருவியே அதைத் துல்லியமான இடத்துக்கு நகர்த்திவிடும். இரு நடைகளுக்கு இடைப்பட்ட இடத்தை அழிப்பதற்கு இதைவிடச் சிறந்த பொறி இல்லை எனலாம். டெட்ராய்ட் நகரைச் சேர்ந்த ஜே டில்லா 1990களில் அக்கருவியைக் கொண்டே அதன் திருத்தத்தைத் தோற்கடித்தார். ஓர் ஓசையை நேர்நடையிலும் இன்னொன்றைத் துள்ளல்நடையிலும் வைத்து, ஸ்நேரைச் சற்று முன்தள்ளி, வேறொன்றைச் சற்றுப் பிந்தவிட்டு அவர் அமைத்த தாளங்கள் முதலில் கேட்டவர்களுக்குப் பிழையாகவே பட்டன. அவை நேர்நடையும் துள்ளல்நடையும் வேண்டுமென்றே மோதவிடப்பட்ட ஒரு புதிய காலப்பகுப்பு என்பதை டான் சார்னாஸ் 2022இல் வெளியிட்ட ‘டில்லா டைம்’ நூலில் விரிவாக நிறுவியிருக்கிறார். செஸ் கூடத்தில் பிலோவும் பெரியும் இருவராகச் செய்ததை டில்லா ஒருவராக ஒரு கருவியில் செய்தார் என்று கூறுவது மிகையாகாது. வேறுபாடு, அவர்களிடம் பயிற்சியின் விளைவாக நேர்ந்தது இவரிடம் தேர்ந்த திட்டமாக அமைந்தது என்பதே.

இவ்வரலாறு பொறியோடு முடியவுமில்லை. டில்லாவின் தாளங்களைக் கேட்ட குவெஸ்ட்லவ் என்ற டிரம்ஸ் கலைஞர், தாம் பல்லாண்டு பழகிய துல்லியத்தைக் கைவிட்டு, அந்த விலகல்களைக் கைகளால் வாசிக்கப் பயின்றார். 2000இல் வெளியான டி’ஆஞ்சலோவின் ‘வூடூ’ ஆல்பத்தில், பாடகரின் குரலும் பினோ பல்லடினோவின் பாஸ் கித்தாரும் டிரம்ஸின் அடிக்குப் பின்னால் தயங்கித் தயங்கி வர, நால்வர் ஐவர் ஓர் அறையில் கூடி ஒரே எண்ணிக்கைக்குள் வெவ்வேறு இடங்களில் அடியெடுத்து வைக்கிறார்கள். அப்பதிவுகள் நிகழ்ந்த நியூயார்க்கின் எலெக்ட்ரிக் லேடி கூடத்தைக் கட்டியவர், 1960களின் நடுவில் லிட்டில் ரிச்சர்டின் குழுவில் கித்தார் வாசித்த ஜிமி ஹென்ட்ரிக்ஸ். அதன்பின் வந்த டிரம்ஸ் கலைஞர்கள் பலர் இந்நடையைத் தம் அடிப்படைப் பயிற்சியின் ஒரு பகுதியாகவே கொள்கின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் தம்மை ராக் அண்ட் ரோல் கலைஞர்கள் என்று சொல்லிக்கொள்வதில்லை. பாமரும் தம்மை ஜாஸ் கலைஞர் என்றே எண்ணியிருந்தார்.